எழுபத்தோராவது நிமிடம்

பதினோரு பருவம், ஐந்து கிளப்,
இருநூற்றுச் சொச்சம் ஆட்டம்.
கோல் இரண்டு.
அதில் ஒன்று எங்கள் வலையிலேயே விழுந்தது.
அதையும் சேர்த்துச் சொல்லு, கணக்கு நேராகும்
என்கிறாள் மங்கையர்க்கரசி.
துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறவள்.
கோலுக்கு முந்தின பாஸுக்கும் முந்தின பாஸை
எந்தப் பத்தியில் எழுதுவதென்று
அவளுக்கும் தெரியவில்லை.

பந்து நிவாரண லாரியில் வந்தது.
பிஸ்கட், போர்வை, யாரோ கட்டிய கல்யாணப் புடவை,
அதற்கடியில் சப்பையாக.
எனக்கு ஒன்பது வயது.
காற்றடிக்கத் தேவனாம்பட்டினத்தில்
சைக்கிள் கடை மிஞ்சவில்லை.
மூன்று இரவு தலைக்கு வைத்துப் படுத்தேன்.
நான்காம் நாள் மஞ்சக்குப்பம் வரை நடந்து
ஊசி செருகி ஊதிக்கொண்டு வந்தோம்
நானும் சின்னையனும்.

மணலில் பந்து உருளாது, நின்றுவிடும்.
கால் காத்திருக்கும் நேரத்தில்
கண்ணுக்கு வேலை வந்தது:
யார் எங்கே, எவ்வளவு தூரம்,
எவன் மூச்சு வாங்குகிறான்.
பந்து வருமுன் தோளைத் திருப்பிப் பார் என்று
கோவாவில் கோச் பலகையில் அம்பு போட்டார்.
அலைக்கு முதுகு காட்டாதே என்று
எங்கள் ஊரில்
பந்தில்லாமலே சொல்வார்கள்.

சட்டை முதுகில் அஞ்சாப்புலி அடிக்க இடம் போதவில்லை.
கொல்கத்தாவில் 'புலி' என்று மட்டும் போட்டார்கள்.
தட்டிவிட்டு ஒதுங்குகிறவன் நான்;
கூட்டம் பாய்ச்சலுக்காகக் காத்திருந்து
பிறகு ஏசியது.
ஷில்லாங்கில் 'அஞ்சா'.
அது என் அப்பா பெயர், நான் கஜபதி
என்று சொல்லுமளவுக்கு
அப்போது இந்தி வரவில்லை.

லோனில் போகிறேன் என்று போன் செய்த அன்று
அப்பா பதறிப்போனார்.
எவ்வளவு? என்ன வட்டி?
நான் வாங்கவில்லைப்பா,
என்னையே கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.
அதற்குப் பிறகு வெகுநேரம்
போனில் காற்று மட்டும் கேட்டது.

கேமரா பந்தின் பின்னால் ஓடும்.
நான் பந்தை விட்டவன்.
டீவியில் தேடித் தேடி மங்கை கண்டுபிடித்தாள்:
படத்தின் ஓரத்தில் பாதித் தோள்,
நீட்டிய ஒரு கை,
அங்கே போ, அங்கே போ என்று.
அதுதான் என் வீட்டுக்காரர் என்று
பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதற்குள்
படம் மாறிவிடும்.

முட்டி முதலில் சத்தம் போட்டது, வலிக்கவில்லை.
அடுத்த பருவத்தில் வலித்தது, சத்தம் இல்லை.
பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும்
எழுபதைத் தாண்டினால்
கோட்டோரம் பலகை உயரும்,
சிவப்பில் என் எண்.
மெதுவாக நடந்தால் நேரம் கடத்துகிறான் என்பார்கள்,
ஓடினால் முட்டி காட்டிக்கொடுக்கும்.
நான் கைதட்டிக்கொண்டே வருவேன்.
யாருக்கென்று யாரும் கேட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்த செய்தி
ஏஜெண்டின் குரல் பதிவாக வந்தது, நாற்பது நொடி.
பின்னணியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

நிருபர் ஒருவர் வந்தார்.
உப்பனாற்றுப் படகைப் போல
இரு கரைக்கும் நடுவிலேயே வாழ்ந்தவர் என்று எழுதினார்.
உவமை நன்றாகத்தான் இருந்தது.
படகுக்கு முட்டி இல்லை.

இந்த மே மாதம்
அண்ணா விளையாட்டரங்கில் எழுவர் போட்டி.
முன்னாள் இந்திய வீரர் என்றது மைக்.
இல்லை என்று கையசைத்தேன்,
கூட்டம் பதிலுக்குக் கையசைத்தது.
பழக்கத்தில்
இன்னும் யாரும் வராத இடத்துக்கு ஒரு பந்து போட்டேன்.
அது கோட்டைத் தாண்டி
கரும்புச்சாறு வண்டியில் போய் நின்றது.
யாருக்கு அண்ணே போட்டீங்க? என்றான் எங்கள் கோல் கீப்பர்.
சாறுக்காரர் பந்தைத் துடைத்து வீசினார்:
இடம் சரிதான் தம்பி. ஆள்தான் வரல.

ஐம்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.
எழுபத்தோராவது நிமிடத்தில்
வாசல் டீக்கடையில் நின்றிருந்தேன்,
வலது காலை மட்டும்
லேசாகத் தூக்கிக்கொண்டு.